விடுதலை வந்தது, நிலம் வந்ததா?

தை முதல் நாள். தமிழ் நாட்டில் பொங்கல் பானை பொங்கும் நாள்.

அதே நாளில் நேபாள நாட்டிலும் ஒரு திருநாள் உண்டு. அதற்கு "மாகி" என்று பெயர். நேபாளத்தின் தெற்கே, இந்திய எல்லையை ஒட்டிச் சமவெளி இருக்கிறது. அதைத் "தராய்" என்பார்கள். அங்கே வாழும் தாரு இன மக்களுக்கு மாகிதான் புத்தாண்டு. அதிகாலையில் ஆற்றில் முழுகுவார்கள். அரிசி மாவில் பலகாரம் செய்வார்கள். ஆடுவார்கள், பாடுவார்கள். பெரியவர்களை வணங்கி ஆசி பெறுவார்கள்.

ஆனால் பல ஆயிரம் தாரு குடும்பங்களுக்கு அந்த நாளில் வேறொரு காரியமும் இருந்தது. அன்றுதான் ஆளைப் பேசி முடிப்பார்கள்!

"இந்த ஆண்டும் இதே எஜமானிடம் வேலை செய்வதா? அல்லது வேறு எஜமானிடம் போவதா?" என்பது மாகி அன்று முடிவாகும். வேறு எஜமானிடம் போக வேண்டுமானால் பழைய கடனைத் தீர்க்க வேண்டும். கூலிக்காரன் கையில் காசு ஏது? புதிய எஜமான் அந்தக் கடனைக் கட்டுவார். கட்டியதும் ஆளை அழைத்துப் போவார். கடன் தீர்ந்ததா? இல்லை. கடன் பழைய எஜமானின் ஏட்டில் இருந்து புதிய எஜமானின் ஏட்டுக்கு மாறும். அவ்வளவுதான்.

சந்தையில் மாடு கை மாறுகிறதே, அதைப் போல!

இப்படி வாழ்ந்தவர்களுக்குக் "கமையா" என்று பெயர். தமிழில் சொன்னால் பண்ணையாள். கடனுக்குக் கட்டுப்பட்ட பண்ணையாள்.

ஏட்டில் ஏறிய கடன்

நேபாளத்தின் மேற்குத் தராயில் 5 ஜில்லாக்கள்: தாங், பாங்கே, பர்தியா, கைலாலி, கஞ்சன்பூர். கமையா முறை வேரூன்றி இருந்தது இங்கேதான்.

கமையாவுக்குக் கூலி பணமாக வராது. ஆண்டுக்கு இத்தனை மூட்டை நெல் என்று பேசுவார்கள். சில இடங்களில் விளைச்சலில் ஒரு பங்கு தருவார்கள். வேலை கமையாவுக்கு மட்டும் அல்ல. மனைவியும் எஜமான் வீட்டில் வேலை செய்ய வேண்டும். வீட்டில் வேலைக்குப் பெண் இல்லாத கமையாவை எஜமான்கள் எளிதில் ஏற்க மாட்டார்கள். மகன் மாடு மேய்ப்பான். மகள் பாத்திரம் கழுவுவாள்.

குடும்பமே உழைக்கும். ஆனாலும் நெல் ஆண்டு முழுவதும் வராது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக்குக் காசு வேண்டும். வீட்டில் கல்யாணம் என்றால் செலவு உண்டு. எங்கே போவது? எஜமானிடமே போக வேண்டும். அவர் கொடுப்பார். ஏட்டில் எழுதிக் கொள்வார்.

எழுதுபவர் எஜமான். படிக்கத் தெரியாதவன் கமையா. ஏட்டில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

தகப்பன் இறந்தால் மகன் தலையில் கடன் ஏறும். வீடும் எஜமான் நிலத்தில்தான். அடுப்பும் அங்கேதான். எதிர்த்துப் பேசினால் வேலை போகும். வீடும் சேர்ந்து போகும்.

கொசு காத்த நிலம்

இந்த மக்கள் பிறவியிலேயே நிலம் இல்லாதவர்களா? இல்லை.

தராய்ப் பகுதி ஒரு காலத்தில் அடர்ந்த காடு. அங்கே மலேரியாக் காய்ச்சல் கடுமை. மலை நாட்டில் இருந்து வந்தவர்கள் அந்தக் காய்ச்சலுக்குப் பயந்து அங்கே தங்க மாட்டார்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தாரு மக்களின் உடல் மலேரியாவை ஓரளவு தாங்கியது. அவர்கள் காட்டைத் திருத்தினார்கள். நெல் விளைத்தார்கள்.

1950-களில் அமெரிக்க உதவியுடன் மலேரியா ஒழிப்பு வேலை தொடங்கியது. டி.டி.டி. மருந்து தெளித்தார்கள். கொசு ஒழிந்தது. நல்ல காரியம்தான். ஆனால் கொசு போனதும் மலை நாட்டில் இருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். அவர்களுக்குப் படிப்பு இருந்தது. சர்க்கார் ஆபீசில் பழக்கம் இருந்தது. நிலத்தைத் தங்கள் பெயரில் பதிவு செய்து கொண்டார்கள்.

தாரு உழவனிடம் கலப்பை இருந்தது. காகிதம் இல்லை. காகிதம் இல்லாதவன் தன் நிலத்திலேயே குத்தகைக்காரன் ஆனான்.

1964-ம் ஆண்டு நேபாளத்தில் நிலச் சட்டம் வந்தது. "இவ்வளவு நிலத்துக்கு மேல் ஒருவர் வைத்திருக்கக் கூடாது, குத்தகைக்காரருக்கு உரிமை உண்டு" என்று அந்தச் சட்டம் சொன்னது. ஏழைக்கு உதவ வந்த சட்டம் அது. ஆனால் நடந்தது என்ன? குத்தகைக்காரன் உரிமை கேட்டு விடுவானோ என்று பல நிலக்காரர்கள் அவனை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். குத்தகைக்காரனாக இருந்தவன் கமையா ஆனான்.

சட்டம் நல்லது. அதைக் காக்க ஆள் இல்லை. அதனால் நல்ல சட்டமே ஏழையை நிலத்தில் இருந்து தள்ளியது.

சட்டமே ஆளைப் பிரித்த காலம்

நேபாளத்தில் 1854-ம் ஆண்டு ஒரு பெரிய சட்டத் தொகுப்பு வந்தது. "முலுகி ஐன்" என்று அதற்குப் பெயர். நாட்டை ஆண்ட ஜங் பகதூர் ராணா அதை இயற்றச் செய்தார்.

அந்தச் சட்டம் ஜனங்களைப் படிப்படியாகப் பிரித்தது. பூணூல் அணிந்தவர்கள் மேல் படி. தீண்டத் தகாதவர் என்று சொல்லப்பட்டவர்கள் கீழ்ப் படி. ஒரே குற்றத்தை இரண்டு பேர் செய்தால் இரண்டு பேருக்கும் ஒரே தண்டனை இல்லை. சாதியைப் பார்த்துத் தண்டனை! நடுப் படியில் இருந்தவர்களை அந்தச் சட்டம் இரண்டாகப் பிரித்தது. ஒரு கூட்டத்தை அடிமை ஆக்கக் கூடாது. இன்னொரு கூட்டத்தை அடிமை ஆக்கலாம். அடிமை ஆக்கலாம் என்று எழுதப்பட்டவர்களில் தாரு மக்களும் இருந்தார்கள்.

1924-ம் ஆண்டு நவம்பரில் பிரதம மந்திரி சந்திர சம்சேர் ராணா ஒரு பெரிய கூட்டத்தில் பேசினார். அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்றார். அதன்படி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலை பெற்றார்கள். சர்க்கார் நஷ்ட ஈடும் கொடுத்தது. யாருக்கு? அடிமைக்கு அல்ல, அடிமையை வைத்திருந்த எஜமானுக்கு! விடுதலை பெற்றவர்களில் ஒரு பகுதியினர் தராயில் ஓர் ஊரில் குடியேற்றப்பட்டார்கள். அந்த ஊருக்கு "அம்லேக்கஞ்ச்" என்று பெயர் வைத்தார்கள். "அம்லேக்" என்றால் விடுதலை. அந்த ஊர் இன்றும் இருக்கிறது.

1963-ம் ஆண்டு மன்னர் மகேந்திரா ஆட்சியில் பழைய தொகுப்புக்குப் பதிலாகப் புதிய முலுகி ஐன் வந்தது. சாதிக்கு ஒரு தண்டனை என்பது சட்டத்தில் இருந்து போயிற்று. 1990-ம் ஆண்டு அரசியல் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அடிமை முறையும் கட்டாய வேலையும் கூடாது என்று எழுதியது.

எழுதியாயிற்று. ஆனால் மேற்குத் தராயில் மாகி வந்தது, போயிற்று. கமையா கமையாவாகவே இருந்தான். இன்னும் 10 ஆண்டுகள்!

2000, ஜூலை 17

2000-ம் ஆண்டு மே மாதம் முதல் தேதி. உலகத் தொழிலாளர் தினம். கைலாலி ஜில்லாவில் சில கமையா குடும்பங்கள் சர்க்கார் அலுவலகத்துக்குப் போயின. ஒரு மனுக் கொடுத்தன. "விவசாய வேலைக்குச் சர்க்கார் குறைந்த பட்சக் கூலி நிர்ணயித்து இருக்கிறது. அந்தக் கூலி எங்களுக்கும் வேண்டும். கடன் என்று சொல்லிக் கட்டி வைக்கக் கூடாது" என்பது அவர்கள் கேட்டது.

பிச்சை கேட்கவில்லை. சலுகை கேட்கவில்லை. சட்டத்தில் ஏற்கெனவே இருந்ததைக் கேட்டார்கள்.

அந்தச் செய்தி ஊர் ஊராகப் பரவியது. மற்ற ஜில்லாக்களிலும் கமையாக்கள் மனுப் போட்டார்கள். ஊர்வலம் போனார்கள். தலைநகரமான காட்மாண்டுவுக்கே வந்து உட்கார்ந்தார்கள்.

ஜூலை 17-ந்தேதி சர்க்கார் அறிவித்தது: "இன்று முதல் கமையா முறை ஒழிந்தது. கடன் எல்லாம் ரத்து."

ஓர் அறிவிப்பு. ஏட்டில் இருந்த எத்தனையோ தலைமுறைக் கடன் ஒரே நாளில் அழிந்தது. நேபாள வரலாற்றில் அது மறக்க முடியாத நாள்.

மழையில் நின்ற விடுதலை

ஆனால் ஜூலை மாதம் தராயில் மழைக் காலம்.

"விடுதலை ஆகி விட்டாயா? அப்படியானால் என் நிலத்தில் உன் குடிசை எதற்கு?" என்று பல எஜமான்கள் கேட்டார்கள். குடும்பங்களை வெளியேற்றினார்கள். கைக்குழந்தைகளோடு ஆயிரக் கணக்கான குடும்பங்கள் சாலை ஓரத்திலும் காட்டு ஓரத்திலும் நின்றன. பிளாஸ்டிக் துணியைக் கட்டி அதன் கீழ் வாழ்ந்தன. குளிர் காலமும் வந்தது. நோயும் வந்தது.

2002-ம் ஆண்டில்தான் கமையா முறையைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறியது. விடுபட்டவர்களுக்கு நிலமும், வீடு கட்ட மரமும், கொஞ்சம் பணமும் தருவதாகச் சர்க்கார் சொன்னது. நிலம் 5 கட்டா வரை என்றார்கள். ஒரு கட்டா என்பது தமிழ் நாட்டுக் கணக்கில் எட்டு சென்டுக்குக் கொஞ்சம் கூடுதல். 5 கட்டா என்றால் சுமார் 42 சென்ட். ஒரு குடும்பம் அதைக் கொண்டு ஆண்டு முழுவதும் சாப்பிட முடியாது.

அதுவும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. சர்க்கார் கமையாக்களைக் கணக்கெடுத்து நான்கு நிறத்தில் அட்டை கொடுத்தது. வீடும் நிலமும் இல்லாதவருக்குச் சிவப்பு அட்டை. மற்றவர்களுக்கு நீலம், மஞ்சள், வெள்ளை. கணக்கெடுக்க வந்த நாளில் ஊரில் இல்லாதவருக்கு அட்டை இல்லை. அட்டை இல்லாதவருக்கு நிலம் இல்லை. சிலருக்குக் கிடைத்த நிலமோ ஆற்றங்கரை மணல். வெள்ளம் வந்தால் நிலமே காணாமல் போகும்!

20 ஆண்டுகள் கடந்த பிறகும், தங்கள் பங்கு நிலத்துக்காகக் காத்திருந்த குடும்பங்கள் இருந்தன.

எட்டு வயதில் வேலைக்காரி

தகப்பனுக்கு விடுதலை கிடைத்தது. மகளுக்கு?

தாரு குடும்பங்களில் சிறு பெண்களை மாகி அன்று வேலைக்கு அனுப்புவது வழக்கமாகி இருந்தது. அந்தப் பெண்களுக்குக் "கம்லரி" என்று பெயர். ஓர் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை பெற்றோர் கைக்கு வரும். பெண் தூரத்து ஊருக்குப் போவாள். பள்ளிக்கூடம் இல்லை. விளையாட்டு இல்லை. அடியும் உதையும் உண்டு. அதை விடக் கொடிய துன்பங்களும் உண்டு.

கம்லரிகளை வேலைக்கு வாங்கியவர்கள் யார்? நிலக்காரர்கள் மட்டும் அல்ல. நகரத்தில் படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள் வீடுகளிலும் கம்லரிகள் இருந்தார்கள்.

2006-ம் ஆண்டு நேபாள சுப்ரீம் கோர்ட்டு இந்த வழக்கம் சட்ட விரோதம் என்று கூறியது. ஆனாலும் நிற்கவில்லை. 2013-ம் ஆண்டு, காட்மாண்டுவை அடுத்த லலித்பூரில், 12 வயதுக் கம்லரி ஒருத்தி தீக்காயத்தால் மாண்டாள். முன்பு கம்லரிகளாக இருந்து விடுபட்ட பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். நீதி கேட்டார்கள். போலீசாரின் தடியடியையும் தாங்கினார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் சர்க்கார் கம்லரி முறை ஒழிந்ததாக அறிவித்தது.

எட்டு வயதில் வேலைக்கு அனுப்பப்பட்டவர் சாந்தா சௌத்ரி. தாங் ஜில்லாக்காரர். 18 ஆண்டுகள் பிறர் வீட்டில் வேலை செய்தார். சிறு வயதில் பள்ளிக்கூடம் அறியாதவர். 2008-ம் ஆண்டு நேபாளத்துக்குப் புதிய அரசியல் சட்டம் இயற்றும் சபையில் அவர் உறுப்பினர் ஆனார். பெரியவர் ஆன பிறகுதான் எழுத்துக் கற்றார். பிறகு தம் கதையையே புத்தகமாக வெளியிட்டார். பாத்திரம் கழுவிய கை, நாட்டின் சட்டத்தை எழுதும் சபையில் உயர்ந்தது!

ஒரு பன்றிக் குட்டியின் பாடம்

சட்டத்தால் ஆகாத ஒரு வேலையைப் பன்றிக் குட்டி செய்த கதையும் உண்டு.

2000-ம் ஆண்டு வாக்கில், ஓல்கா மரே என்ற அமெரிக்கப் பெண் வக்கீல் தொடங்கிய தொண்டு நிறுவனம் தாங் ஜில்லாவில் வேலை தொடங்கியது. பெற்றோரிடம் போய், "பெண்ணை விற்பது குற்றம், வெட்கம்" என்று பேசுவதோடு நிற்கவில்லை. "இந்தாருங்கள், ஒரு பன்றிக் குட்டி. வளர்த்து விற்றால், பெண்ணை அனுப்பி நீங்கள் வாங்கும் தொகை கிடைக்கும். பெண்ணின் படிப்புச் செலவு எங்களுடையது" என்றது. வேறு சிலருக்கு ஆட்டுக் குட்டி கொடுத்தது.

பெற்றோர் சரி என்றார்கள். ஆயிரக் கணக்கான பெண்கள் வீடு திரும்பினார்கள். பள்ளிக்கூடம் போனார்கள். வளர்ந்ததும் அவர்களே சங்கம் அமைத்துத் தங்களைப் போன்ற மற்றப் பெண்களை மீட்டார்கள்.

எந்தத் தாயும் மகளை மகிழ்ச்சியோடு அனுப்பவில்லை. வயிறு அனுப்பியது. வயிற்றுக்கு வழி செய்ததும் மகள் வீட்டில் இருந்தாள். இது சட்டம் இயற்றுகிறவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய பாடம்.

பெயர் வேறு, கலப்பை ஒன்று

கமையாவோடு கதை முடியவில்லை. நேபாளத்தின் மேற்கு மலைப் பகுதியில் "ஹலியா" என்ற உழவர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்கள். இவர்களும் கடனுக்காக உழுதவர்களே. 2008-ம் ஆண்டு செப்டம்பரில் இவர்களுக்கு விடுதலை அறிவித்தார்கள். கிழக்குத் தராயில் உழவு வேலைக்கும் மாடு மேய்க்கவும் கட்டுப்பட்டவர்கள் "ஹருவா, சருவா". இவர்களுக்கு 2022-ம் ஆண்டு ஜூலையில் விடுதலை அறிவித்தார்கள்.

2000. 2008. 2022. மூன்று அறிவிப்புகள்!

இடையில் 2015-ம் ஆண்டு புதிய அரசியல் சட்டம் வந்தது. கொத்தடிமை முறை குற்றம். பாதிக்கப்பட்டவர் நஷ்ட ஈடு பெற உரிமை உண்டு என்று அது கூறுகிறது. 2018-ம் ஆண்டு ஆகஸ்டில் பழைய முலுகி ஐன் போய்ப் புதிய குற்றச் சட்டமும் அமலுக்கு வந்தது. 1924-ல் எஜமானுக்குக் கிடைத்த நஷ்ட ஈடு, இப்போது உழைத்தவனுக்கு உரியது என்று எழுதியாயிற்று. பெரிய மாற்றம்! நேபாள மக்கள் பெருமைப்படலாம்.

ஆனால் எழுதிய உரிமையைக் கேட்க உழைப்பாளி கோர்ட்டுக்குப் போக வேண்டும். போக வேண்டுமானால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்க வேண்டும். வழக்கு நடக்கும் வரை சாப்பிட வேண்டும். மறுநாள் வேலை கேட்டு அதே நிலக்காரரிடம் போகவும் வேண்டும். இதற்கு வழி என்ன?

நிலக்காரர் சொல்வது

"நாங்கள் யாரையும் கட்டிப் போடவில்லை. கஷ்ட காலத்தில் கடன் கொடுத்தோம். சாப்பாடு போட்டோம். இது குற்றமா?" என்று நிலக்காரர்கள் சிலர் கேட்டார்கள்.

கடன் கொடுப்பது குற்றம் அல்ல. ஆனால் கடன் வாங்கியவன் உழைத்துத் தீர்க்க வழி இருக்க வேண்டும். உழைக்க உழைக்கக் கடன் வளர்ந்தால் அது கடன் அல்ல; விலங்கு. தகப்பன் வாங்கிய பத்து ரூபாய்க்கு மகன் மாடு மேய்க்கிறான் என்றால், கொடுத்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அது நியாயம் ஆகாது.

"எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியுமா?" என்று அதிகாரிகள் கேட்டார்கள். முடியாதுதான். ஆனால் அறிவிப்பை வெளியிடும் நாளுக்கு முன்பே பெயர்ப் பட்டியல் எடுக்கலாம். நிலத்தை அளந்து வைக்கலாம். விடுதலை என்று சொல்லும் நாளிலேயே பட்டாவைக் கையில் கொடுக்கலாம். மழைக் காலத்தைத் தவிர்க்கலாம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஏழையின் குடிசையை நினைத்துப் பார்த்தால் போதும்.

இனி வேண்டியது

ஹருவா, சருவா மக்கள் விஷயத்திலாவது கமையாக்களுக்கு நேர்ந்தது நேரக் கூடாது. ஒரு குடும்பமும் விடுபடாத கணக்கெடுப்பு வேண்டும். விளையும் நிலம் வேண்டும். வெள்ளம் தின்னும் மணல் வேண்டாம். பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் வேண்டும். நிலம் கொடுக்கும் வரை, இருக்கும் குடிசையில் இருந்து யாரையும் வெளியேற்றக் கூடாது. சொன்ன கூலியைக் கொடுக்கிறார்களா என்று பார்க்க ஊருக்குள்ளேயே ஓர் அதிகாரி வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும்.

பள்ளிக்கூடம் ஏன்? ஏடு எழுதியவன் எஜமான். படிக்கத் தெரியாதவன் கமையா. இந்தக் கொடுமை அங்கே இருந்துதான் தொடங்கியது. கடன் ஏட்டைத் தானே படித்துப் பார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தக் குடும்பத்தை ஏமாற்றுவது எளிது அல்ல.

ஜனவரி மாதத்தில் மாகித் திருநாள் வரும். தாரு மக்கள் ஆற்றில் முழுகிப் புத்தாண்டை வரவேற்பார்கள். பலகாரம் வேகும். மேளம் முழங்கும். பெண் பிள்ளைகள் புதுத் துணி உடுத்தி ஆடுவார்கள்.

அன்று எந்த வீட்டு வாசலிலும் ஆளை விலை பேச ஒருவரும் வந்து நிற்கக் கூடாது. அந்த மாகியே உண்மையான மாகி. அதற்கு வழி செய்யும் சட்டமே உண்மையான சட்டம்.